பொம்மைப் பேய்க்குப் பயந்த ஆள்

காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. பாட்டு முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்பது, ஒழுக்காற்று ஆசிரியன் என்ற முறையில் நானே போட்ட சட்டம். அன்று நானே அதை மீறி வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். கருப்பையா அண்ணனின் மகள் கோமதி பேசினார்.

"சேர், அப்பா போயிட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆட்டோ வந்து நிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அந்த நிமிடம் மனதில் ஓடியது நன்றாக நினைவிருக்கிறது. படிப்பவர்கள் காறித் துப்பினாலும் சரி, எழுதிவிடுகிறேன். முதலில் வந்தது துக்கம் இல்லை. ‘இனி அது யாருக்கும் தெரியாது’ என்ற நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பிள்ளைகள் பாடி முடித்துவிட்டு, சேர் ஏன் இன்னும் வரவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கருப்பையா அண்ணன் இருபத்திரண்டு வருடம் வாட்சராக இருந்தார். இரவுக் காவல்தான் வேலை. ஆனால் காலையில் மணி அடிப்பது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஓடைவரை ஏறிப்போய்ப் பைப்பைப் பார்ப்பது, அட்டை கடித்த பிள்ளைகளின் காலுக்கு உப்பு வைப்பது எல்லாமே அவர்தான். மாசி மாதம் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் வீரபத்திரன் அவர். விரதம் இருந்து, முகத்தில் சிவப்பும் கறுப்பும் பூசி, இடுப்பில் கட்டிய கயிற்றை நான்கு பேர் இழுத்துப் பிடிக்க, தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் பாய்ந்து வரும்போது பெரிய ஆம்பளைகளே ஒதுங்கி நிற்பார்கள். அவருக்கு முன்னால் அந்த வேஷத்தை அவருடைய அப்பா கட்டினார். தோட்டத்தில் தனக்கென்று ஒன்று இருக்கிறது என்று அவர் நினைத்தால், அது அந்த வேஷம் மட்டும்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அது அவரிடமிருந்து போய்விட்டது. ஏன் போனது என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹட்டனுக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு படம் பார்க்கப் போன இடத்தில், கார்ட்டூன் பேயைப் பார்த்துக் கத்திக்கொண்டு வெளியே ஓடினாராம். அதிலிருந்து அவருக்குப் பெயர் ‘பொம்மப் பேய்க்குப் பயந்த ஆளு’. மரண வீட்டிலும் அதுதான் பேச்சு. மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள், அன்பாகத்தான், சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "பொம்மப் பேய்க்கே அந்த ஓட்டம் ஓடுன மனுசன், எமனப் பாத்து எப்பிடி ஓடுனாரோ!" என்றார் ஒருவர். கோமதிகூட அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவியவர் என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். 

முப்பத்தோராம் நாளுக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று கோமதி கேட்டார். சரி என்றேன். ஆகவே கடைசிப் பக்கம்வரை இழுக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று தியேட்டரில் கத்தியது கருப்பையா அண்ணன் இல்லை. முதல் ஆளாக வெளியே ஓடியதும் அவர் இல்லை. நான்தான்.

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. இருந்தும் பார்த்தேன். இப்படிப்பட்ட ஆள்தான் நான். எங்கள் பாடசாலையில் என் நிழலைக் கண்டாலே பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடிவிடுவார்கள். அந்த நிழலுக்குச் சொந்தக்காரன் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

அவருக்கு அது தெரிந்த கதை சிரிப்பானது. நான் ஆசிரியராக வந்த புதிதில் தேயிலை மலைக்குள் சிறுத்தை ஒன்று நடமாடியது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய் இரண்டைப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்குத் தேயிலைக்கு நடுவே கால் மணி நேர நடை. மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். நான் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி, யாராவது அந்தப் பக்கம் போகும்வரை காத்திருப்பேன். நாலாம் நாள் கருப்பையா அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கடைக்குத்தான் போறேன் சேர். வாங்க, சேந்தே போவோம்." அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவருக்குக் கடையில் வேலை இருந்தது. தினமும் அப்படி என்ன வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "நெருப்புப்பெட்டிதான் சேர்" என்றார். வீட்டில் தகரப் பெட்டி நிறைய நெருப்புப்பெட்டி சேர்ந்துவிட்டது என்று அவருடைய மனைவி பார்வதி அக்கா பல காலம் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நடையில்தான் ஒரு நாள் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லிறணும் சேர். உள்ளுக்குள்ள வச்சோம்னா அது கால நீட்டிப் படுத்துக்கிரும்." எனக்குக் காது கேட்காத மாதிரி, கொழுந்து இந்த மாதம் எப்படி என்று பேச்சை மாற்றினேன்.

தியேட்டரில் நடந்தது விளங்க வேண்டுமென்றால் என் சின்ன வயதுப் பயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் அப்பா தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை செய்தார். அங்கே மெஷின்களைச் சுற்ற வைக்கும் பெரிய சக்கரத்தை நாங்கள் ரோதை என்போம். ரோதைக்கு ஒரு காவல் சாமி உண்டு, ரோதைமுனி. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் மரத்தடியில் கல் நட்டு, சேவல் அறுத்துக் கும்பிடுவார்கள். செருப்போடு அந்தப் பக்கம் போகக் கூடாது, ரோதையை நோக்கிக் கை நீட்டக் கூடாது, முனி பார்த்துக்கொண்டிருப்பார். ஏழு வயதில் ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். நான் உள்ளே நுழைந்த நேரம் கரண்ட் போய்விட்டது. எல்லாச் சத்தமும் நின்று ஃபெக்டரி இருட்டாகிவிட்டது. ஆனால் ரோதை நிற்கவில்லை. யாரும் சுற்றாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், அது தன் பாட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிய வேகத்தில் அப்படித்தான் சுற்றும், தானாக நின்றுவிடும் என்று இன்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அன்று சோற்றுச் சட்டியைப் போட்டுவிட்டுக் காற்சட்டையை நனைத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சக்கரம் இன்றைக்கும் சில நாள் கனவில் வரும்.

இனி படத்துக்கு வருகிறேன். தரம் மூன்றுப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை என்று தெரிந்ததும், பாடசாலையின் தலைமையாசிரியரான எங்கள் அதிபர் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி அனுப்பினார். முப்பத்து நான்கு பிள்ளைகள். பொறுப்புக்கு நானும் ஜெயந்தி டீச்சரும். துணைக்குக் கருப்பையா அண்ணன். அவர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குடும்பத்தோடு பார்க்கும் கார்ட்டூன் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தபோதுதான் அது பேய்க் கார்ட்டூன் என்று தெரிந்தது. ஒரு பாழடைந்த ஆலை, அதன் ஜன்னலில் இரண்டு மஞ்சள் கண். உள்ளே போனதும் வெளிவாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். கருப்பையா அண்ணன் அதைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஆகா, பேய்ப் படமா! பயத்துல ஒரு ருசி இருக்கு சேர். பக்கத்துல ஆளுங்க இருக்கணும், அம்புட்டுதான்."

படம் ஆங்கிலம், கீழே ஓடிய எழுத்து சிங்களம். பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார் கருப்பையா அண்ணன். பிறகு எழுந்து நின்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் பஸ் போர்டு படிக்கிற அளவுதான். அதனால் என்ன? "இந்தப் புள்ள பேரு செல்லம்மா. அது தம்பி ராசு. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருச்சு. இதுக ரெண்டும் வெளையாடப் போயி பழைய ஃபெக்டரிக்குள்ள மாட்டிக்கிச்சுங்க." திரையில் இருந்தது மஞ்சள் முடி வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஆனால் இரண்டே நிமிடத்தில் அவர்கள் எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிங்கள அம்மா முதலில் திரும்பி முறைத்தார். அப்புறம் அவரும் திரையைப் பாதி, இவருடைய கையையும் முகத்தையும் பாதி பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பிள்ளைகள் அனுபவித்த மாதிரி ஒரு படத்தை யாரும் அனுபவித்து நான் பார்த்ததில்லை. கதவு தானாகத் திறந்தால் முப்பத்து நான்கு பேரும் ஒரே குரலில் வீரிடுவார்கள், உள்ளே இருந்து பூனை வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிப்பு அடங்குமுன் மறுபடி வீரிடுவார்கள். கருப்பையா அண்ணன் அவர்களைவிடச் சத்தமாக, "ஐயோ வருதுடா, வருதுடா!" என்று கடலையை வாயில் போட்டுக்கொண்டே கத்தினார். கண்ணை மூடுவார், விரலுக்கு நடுவே பார்ப்பார், பக்கத்துப் பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைப்பார், மறுபடி எழுந்து கதை சொல்வார். நான் ஓரத்தில், வெளிவாசல் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பயந்துபோன இரண்டு பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நான்தான் அவர்கள் கையைப் பிடித்திருந்தேன்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. ஆலைக்குள் விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. எந்தச் சத்தமும் இல்லை. அந்த இருட்டுக்குள் மலை மாதிரி ஒரு சக்கரம், யாரும் தொடாமல், மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

கருப்பையா அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைங்களா, செருப்பக் கழட்டுங்க. ரோதமுனி எந்திரிக்கிறாரு."

இருட்டில் படபடவென்று செருப்புகள் கழன்றன. பிள்ளைகள் பாதி பயமும் பாதி சிரிப்புமாகக் கைகூப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். எப்போது கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் எழுந்து, நேராக என்னைப் பார்த்தன. எனக்கு வயது முப்பத்தாறு என்பதோ, நான் பட்டதாரி என்பதோ, முப்பத்து நான்கு பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்பதோ அப்போது என்னிடம் இல்லை. "முனி! ஓடுங்க! ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் இருந்த பிள்ளையை இடித்துத் தள்ளியதாகவும் ஒரு நினைவு. யார் அந்தப் பிள்ளை என்று இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெறுங்காலோடு, தூறலில், ஹட்டன் ரோட்டோரத்தில் நின்றபோதுதான் எனக்கு அறிவு வந்தது. எனக்குப் பின்னாலேயே பிள்ளைகள் கதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். தங்களைக் காப்பாற்றத்தான் சேர் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வெறுங்கால். ஜெயந்தி டீச்சர் மூச்சு வாங்க வந்தார். கடைசியாகக் கருப்பையா அண்ணன் வந்தார். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் நிறுத்துகிற மாதிரி பிள்ளைகளைக் கடை ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்து மூன்று. மறுபடி எண்ணினார். முப்பத்து மூன்று. தர்ஷினி இல்லை.

ஒரு பக்கம் பஸ் நிலையம், ஒரு பக்கம் சந்தை, கீழே ரயில் பாதை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. எட்டு வயதுப் பிள்ளை. நான் ரோட்டில் மேலும் கீழும் ஓடினேன். எந்தப் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டாலும் உயிர் போய் வந்தது. அவளுடைய அப்பா செல்வராஜ் எங்கள் ஃபெக்டரியில் மெஷின்காரர், வாட்டசாட்டமான மனிதர். அந்த நேரத்தில் நான் அந்தப் பிள்ளையை நினைத்தேனா, அவருடைய கையை நினைத்தேனா என்று கேட்டால், இரண்டையும்தான். கருப்பையா அண்ணன், "நீங்க இங்கயே நில்லுங்க, நான் உள்ள பாக்குறேன்" என்று தியேட்டருக்குள் போனார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. அவரும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு முறை வாசல்வரை போனேன். அந்த இருட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து, கருப்பையா அண்ணனும் தர்ஷினியும் கைகோத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

அவள் வெளியே ஓடவே இல்லை. எல்லோரும் ஓடியதும் முன்னால் காலியான இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தர்ஷினி இப்போது தரம் பத்து. போன வாரம் அவளிடம் கேட்டேன். "தாத்தா வந்து வா போகலாம்னாரு சேர். இப்பத்தான் நல்ல எடம், இருங்கன்னேன். அவரும் ஒக்காந்துட்டாரு. மெதுவா என் காதுல மட்டும் கத சொன்னாரு. செல்லம்மா பயப்படுறா, ஆனா ஓட மாட்டா பாருன்னாரு" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

அன்று அவர் என் பக்கத்தில் வந்து சொன்னார்: "முடிவு பாக்காம புள்ள எந்திரிக்கல சேர். அது நல்ல பேயி. வெள்ளம் வந்தப்ப அந்த ரெண்டு புள்ளைங்களயும் ரோதையில வச்சுத் தூக்கிக் கர சேத்துருது. நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா சிரிச்சிருப்பீங்க." சொல்லிக்கொண்டே தன் சட்டைக்குள்ளிருந்து என் சப்பாத்தை எடுத்து, யாருக்கும் தெரியாமல் என் காலடியில் வைத்தார். எனக்கு வந்ததோ கோபம். அரை மணி நேரம் செத்துப் பிழைத்த கோபம், அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே என்ற கோபம். பிள்ளைகளுக்கும் ஜெயந்தி டீச்சருக்கும் முன்னால், "உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? எல்லாம் உங்களால வந்தது!" என்று கத்தினேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகளின் செருப்புகளைப் பொறுக்கிவர உள்ளே போனார்.

மறுநாள் அதிபர் அறையில் விசாரணை. செல்வராஜ் உட்காரவே இல்லை. "எங்க புள்ளய இருட்டுல வுட்டுட்டு, கத்திக் கலவரம் பண்ணி ஓடுனது யாரு? எனக்கு அந்த ஆளு யாருன்னு தெரியணும்" என்றார். அதிபர் ஜெயந்தி டீச்சரைப் பார்த்தார். "இருட்டுல தெரியல சேர். கருப்பையா கொரலுதான் படம் முழுக்கக் கேட்டுச்சு" என்றார் டீச்சர். அவர் பொய் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். அடுத்து அதிபர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். செல்வராஜின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்ற கருப்பையா அண்ணன் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார்.

"நான்தாங்க" என்றார். "ரோதமுனின்னு சொன்னதும் நான்தான், கத்துனதும் நான்தான். தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சுக்கங்க."

செல்வராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வீரபத்திரன் கட்டுற ஆளு நீ. பொம்மப் படத்தப் பாத்து ஓடுனியா?" என்று கேட்டு, நம்ப முடியாமல் சிரித்துவிட்டார். அதிபரும் சிரித்தார். ஆபத்து நீங்கிய சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கஷ்டமான வரி அதுதான்.

அந்தச் சிரிப்போடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் காமன் கூத்தை நடத்துகிறவரும் அதே செல்வராஜ்தான். மாசி பிறக்குமுன் வேஷம் பிரிக்கும் கூட்டத்தில், "பொம்மப் பேய்க்கு ஓடுற ஆளு வீரபத்திரன் கட்டி வந்தா சனம் பயப்படுமா, சிரிக்குமா?" என்று கேட்டாராம். யாரும் மறுத்துப் பேசவில்லை. வேஷம் வேறொரு இளைஞனுக்குப் போனது. அந்த மாசியில் கூத்துப் பார்க்கப் போனேன். புது வீரபத்திரன் பாய்ந்து வந்தான். அவன் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பிடித்த நான்கு பேரில் ஒருவர் கருப்பையா அண்ணன். அவருடைய கால் மட்டும் பழக்கத்தில் தப்புச் சத்தத்துக்கு ஏற்றபடி அடவு போட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் யாரோ ‘பொம்மப் பேயி’ என்று குரல் கொடுத்தார்கள். நான் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ரோட்டுக்குப் போகும் வழியில், போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அன்னிக்கு நீங்க சொல்லுவீங்கன்னுதான் சேர் ஒங்க மொகத்தப் பாத்தேன்" என்றார். "பாத்தா பாவமா இருந்திச்சு. இப்பப் போயிச் சொன்னா புள்ளைங்க ஒங்களுக்கு அடங்காதுங்க. என்னயும் பொய்க்காரன்னுவாங்க. வுடுங்க." சொல்லிவிட்டு அவர் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ‘முடியாது அண்ணே, சொல்லத்தான் போறேன்’ என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அந்த ஒரு ‘வுடுங்க’வை ஏழு வருடம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் சாயங்காலம் என்னோடு ரோட்டுவரை வருவதை நிறுத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும். போன மாதம் வரை வந்தார்.

இதை எழுதி முடித்துவிட்டு நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பார்வதி அக்காவையும் கோமதியையும் உட்கார வைத்து வாய்விட்டுப் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் தண்ணீர் கேட்டேன். கோமதி எழுந்து குசினிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பார்வதி அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் கேலி பண்ணியிருக்கேன் சேர்" என்றார். "கட்டுன பொண்டாட்டி, நானே அவரப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லியிருக்கேன். சண்ட வந்தா அதத்தான் எடுத்துச் சொல்லுவேன். ஒரு வார்த்த பேச மாட்டாரு. அவரு இருக்கையில வந்து சொல்லியிருக்கலாமே சேர்."

இந்தத் தாள்களை அச்சுக்குக் கொடுக்குமுன் இன்று மாலை செல்வராஜின் லயத்துக்குப் போய் அவருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். மூன்று மணி ஆகிவிட்டது. பனி இறங்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே போகும் அந்த வழியில் இன்று எனக்குத் துணை இல்லை. கருப்பையா அண்ணன் தன் பெயரில் ஏழு வருடம் சுமந்தது என்னுடைய பயத்தை. அதை இனி அவர் பெயரிலிருந்து எடுத்து என் பெயரிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.